மலை தெளியாத ஜெனிட்

பங்குனிக் கடைசியில் பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோ அண்ணாச்சி கடையை ஒழித்துப் போட்டார். மகன் சென்னையில் இருக்கிறான், இவருக்குக் கண்ணில் புரை, கடையை மொபைல் ரீசார்ஜ் பண்ணுகிற பையனுக்கு வாடகைக்கு விட்டாச்சு. மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிளறினால் ஒரு ரஷ்யாக் கேமரா. ஜெனிட்-இ, முன்னால் ஹீலியோஸ் 44-2 லென்ஸ்.

"எடுத்துட்டுப் போரும் வே. ஆனா அது வேலை செய்யாது. பொறவு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

என்ன விலை கொடுத்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. வீட்டிலும் படிக்கிறார்கள்.

கூடவே ‘இந்து’ போட்டோ பேப்பர் வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றும் கிடைத்தது. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியின் சரக்கு. கம்பெனியே இப்போது இல்லை. பெட்டி மட்டும் நல்ல கெட்டி அட்டை, கழற்றுகிற திருகுகளைப் போட்டு வைக்கத் தோதாக இருந்தது. இந்தப் பதிவு முழுக்க அந்தப் பெட்டி என் மேஜையில்தான் இருந்தது.

தெரியாதவர்களுக்காக: ஜெனிட்-இ மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க்கில் செய்த எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாக வருவதையே உள்ளே ஒரு முகக்கண்ணாடி திருப்பி வியூஃபைண்டரில் காட்டுகிற கேமரா. 1965-இல் வெளிவந்தது, லட்சக்கணக்கில் விற்றது. பேட்டரியே கிடையாது. நெற்றியில் இருக்கிற வெளிச்சம் அளக்கிற மீட்டர், ஒளி பட்டால் மின்சாரம் தருகிற செலினியத்தில் ஓடுகிறது, என்னுடையதில் அது செத்துவிட்டது. ஷட்டர் வேகம் 1/30-இல் இருந்து 1/500 வரை, அதோடு ‘பி’ (பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கிற வரை ஷட்டர் திறந்தே இருக்கும்). அவ்வளவுதான். கையில் எடுத்தால் அம்மிக்குழவி கனம். லென்ஸ் 58 மிமீ, எஃப் 2 (எஃப் எண் வெளிச்சம் வருகிற துளையின் அளவு, எண் சின்னதானால் துளை பெரிது), ஜெர்மன்காரர்களின் பயோட்டார் லென்ஸின் வடிவத்தைப் பார்த்துச் செய்தது. பின்னணியில் இலைகளைச் சுழல விடும் என்று பேர் வாங்கிய லென்ஸ் இதுதான்.

வந்த அன்று நான் நோட்டில் எழுதிய குறைகள்: ஃபோகஸ் வளையம் அசையவில்லை. உள்ளே ஃபங்கஸ். ஷட்டர் சத்தம் மட்டும் சரியாக இருந்தது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் மோசம் போனேன், அது பிறகு.

ஃபங்கஸுக்குக் காரணம் கேட்கவே வேண்டாம். அண்ணாச்சி ஒரு காலத்தில் சாரல் சீசன் முழுக்கக் குற்றாலத்தில் போட்டோ எடுத்தவர். ஈரத்தோடு கேமராவைத் தோல் உறைக்குள் போட்டு, அந்த உறையை அலமாரிக்குள் போட்டு, பத்துப் பதினைந்து வருஷம் மறந்துவிட்டால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். லென்ஸைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் தோல் உறையைத் தூக்கிப் போடலாம்.

முன் வளையத்தைக் கழற்றக் கடையில் தனிக் கருவி விற்கிறார்கள். நான் வண்ணார்பேட்டை ஹார்டுவேர் கடையில் பம்புக்குப் போடுகிற ரப்பர் புஷ் ஒன்று வாங்கினேன். வளையத்தின் மேல் அழுத்திப் பிடித்து இடப்பக்கம் திருப்பினால் ‘க்ரிச்’ என்று வந்துவிட்டது. டார்ச்சை அடித்துப் பார்த்தால், முன் கண்ணாடியின் உள்பக்கம் வெற்றிலைக் கொடியின் வேர் மாதிரி வெள்ளையாகப் பரவிக் கிடந்தது.

மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அம்மோனியாவும் சம அளவு. அப்போதைக்கு அப்போது கலக்க வேண்டும், கலந்ததை மூடி வைக்கக் கூடாது, வாயு கட்டி மூடி தெறிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, பஞ்சில் தொட்டு நடுவில் இருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். மூன்று தடவையில் வேர் போய்விட்டது. வேர் ஓடிய தடம் போகவில்லை, கண்ணாடி மேல் இருக்கிற பூச்சை அரித்துவிட்டிருக்கிறது. சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது, படத்தில் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

இனிதான் வம்பு.

ஃபோகஸ் வளையம் திரும்பாததற்குக் காரணம், உள்ளே இருக்கிற மரையில் பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகிவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று ஏறுகிற இரண்டு பித்தளை அலுமினியக் குழல்கள். சாதாரண திருகு மாதிரி அதற்கு ஒரே ஒரு வாய் இல்லை. சுற்றிலும் பல வாய்கள், எந்த வாயிலும் ஏறும். ஆனால் ஒரு வாயில் ஏற்றினால்தான் லென்ஸ் சரியான தூரத்தில் நிற்கும். அதனால் குழல் கழன்று வருகிற அந்த நொடியில், இரண்டும் பிரிகிற இடத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டு வைக்க வேண்டும். லென்ஸ் கழற்றுகிறவன் எவனும் முதலில் படிக்கிற பாடம் இது. நானும் படித்திருந்தேன்.

படித்ததெல்லாம் சரி. லைட்டர் பெட்ரோல் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, பலம் கொண்ட மட்டும் திருப்பினேன். வராது வராது என்று இருந்தது திடீரென்று வழுக்கி, உள்குழல் தனியாக மடியில் விழுந்தது. எங்கே பிரிந்தது? ஊசி மேஜை மேலேயே இருக்கிறது.

"மரை கழண்டது லென்ஸுக்கா, ஒங்களுக்கா?" என்று அடுப்படியில் இருந்து குரல் வந்தது. அம்மாவா வீட்டுக்காரியா என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

சரி, எப்படியும் சுத்தம் பண்ணித்தானே ஆக வேண்டும் என்று பல் துலக்குகிற பிரஷ்ஷும் பெட்ரோலுமாக இரண்டு குழலையும் பளபளவென்று ஆக்கினேன். காய்ந்த கிரீஸ் பச்சையும் கறுப்புமாக வந்தது. புதுக் கிரீஸ் போட வேண்டும். கையில் இருந்தது சைக்கிளுக்குப் போடுகிற மஞ்சள் கிரீஸ். அதை அள்ளி அப்பினேன். ஏதோ ஒரு வாயில் ஏற்றி, வியூஃபைண்டரில் தூரத்து மேல்நிலைத் தொட்டியைப் பார்த்தேன். தெளிவில்லை. கழற்றி அடுத்த வாய். தெளிவில்லை. மூன்றாவதில் தொட்டி நறுக்கென்று தெரிந்தது. வெற்றி என்று நினைத்து, ஒரு ரோலைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சித்திரை மாசம். கத்திரி வெயில். ஸ்கூட்டர் டிக்கிக்குள் கேமரா. கொக்கிரகுளத்தில் சுலோச்சன முதலியார் பாலத்தை, 1843-இல் கட்டின அந்த வளைவுகளை, ஆற்று மணலில் நின்று எடுத்தேன். குறுக்குத்துறையில் படித்துறையில் துணி துவைக்கிறவர்களை எடுத்தேன். ஒரு மரத்தடியில் கேமராவைத் தோளில் தொங்கவிட்டபடி அரை மணி நேரம் பேச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தால் லென்ஸ் ஓரமெல்லாம் எண்ணெய் கசிகிறது. வெளிச்சத் துளையைச் சுருக்கி விரிக்கிற அப்பெர்ச்சர் இலைகள் எட்டும் நல்லெண்ணெய் தடவிய மாதிரி மினுமினுக்கின்றன.

அடுத்த நாள் அண்ணாச்சியிடம் காட்டினேன். வந்து நிற்கக் கூடாது என்று சொன்னவர்தான், ஆனாலும் வாங்கி மூக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"என்ன வே, வாழைக்கா பஜ்ஜி கணக்கா எண்ணெயில முக்கி எடுத்திருக்கீரு?"

சைக்கிள் கிரீஸ் நம் ஊர் வெயிலில் எண்ணெயும் சவர்க்காரமுமாகப் பிரிந்துவிடும். எண்ணெய் ஊர்ந்து ஊர்ந்து இலைக்குப் போகும், அங்கிருந்து கண்ணாடிக்கு ஆவியாகப் படியும். இந்த ஹீலியோஸில் அப்பெர்ச்சரை நாமே கையால் திருகி மூட வேண்டும், அதனால் இலை ஒட்டினாலும் வேலை நடக்கும். தானாக மூடித் திறக்கிற லென்ஸாக இருந்தால் ஒரு படமும் சரியாக வந்திருக்காது. லென்ஸுக்கென்றே விற்கிற கெட்டிக் கிரீஸை ஆன்லைனில் வரவழைத்தேன். சின்ன டப்பா, விலைக்கு ஒரு கிலோ இருட்டுக்கடை அல்வா வாங்கியிருக்கலாம். மரையில் அரிசி மணி அளவு போதும். அள்ளி அப்பவே கூடாது.

அதற்குள் ரோலைக் கழுவியிருந்தேன். நெகட்டிவைக் குழல்விளக்கில் பிடித்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பாலம் மங்கல், எனக்கு முன்னால் பத்தடியில் இருந்த நாணல் புதர் கத்தி மாதிரித் தெளிவு. அதாவது லென்ஸ் தூரத்தை எட்டவே இல்லை. அப்படியானால் வியூஃபைண்டரில் தெரிந்த தொட்டி? இரண்டு, சில ஃபிரேம்களில் ஒரே இடத்தில் மூன்று கறுப்புப் புள்ளிகள். மரத்தடியில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேனே, அப்போது ஷட்டருக்குப் பின்னால் இருந்த ஃபிரேமில் அந்தப் புள்ளிகள் மிளகு அளவு.

வியூஃபைண்டர் பொய் சொன்னதற்கான காரணத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன். உள்ளே இருக்கிற முகக்கண்ணாடி கீழே வந்து உட்காருகிற சின்ன முளையில் பிசுக்கு கெட்டிப்பட்டு, கண்ணாடி ஒரு மயிரிழை தூக்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூரமும் ஃபிலிமுக்குப் போகிற தூரமும் அதனால் வேறாகிவிட்டன. பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அதற்குப் பிறகு வியூஃபைண்டரை நம்பி லென்ஸைச் சரிபண்ணுகிற எண்ணமே எனக்குப் போய்விட்டது. ஃபிலிம் இருக்கிற இடத்தில் என்ன விழுகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது. கேமராவின் பின் கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடுகிற உள் தண்டவாளங்களின் மேல் மங்கலான செல்லோடேப்பை இழுத்து ஒட்ட வேண்டும். ஷட்டரை ‘பி’யில் வைத்து, பூட்டு உள்ள கேபிளால் திறந்து நிறுத்த வேண்டும். அப்பெர்ச்சர் எஃப் 2. டேப்பின் மேல் படம் தலைகீழாக விழும். பூதக்கண்ணாடியால் அதைப் பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டை மாடியில் இருந்து சித்திரையில் மலை தெரியாது, எல்லாம் வெயில் புகை. கல்லிடைக்குறிச்சியில் அக்கா வீடு இருக்கிறது. செங்கோட்டை ரயிலில் ஏறிப் போய், லென்ஸ், ‘இந்து’ பெட்டி, கிரீஸ், டேப் எல்லாவற்றையும் மொட்டைமாடியில் பரப்பினேன். அங்கே அதற்கு முன்பே அப்பளம் பரப்பியிருந்தது.

"ஏல, அப்பளத்து மேல கால வச்சிராத!" என்று கீழே இருந்து சத்தம்.

மேற்கே மலை. அகத்தியர் மலை உச்சி 1868 மீட்டர், மேகம் இல்லாத காலையில் அடுக்கடுக்காக நீலமாக நிற்கும். 58 மிமீ லென்ஸுக்கு இதைவிடத் தூரமான பொருள் தேவையில்லை. துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு குனிந்தேன். டேப்பில் ஒரு விரலகலத்துக்கு மலை தலைகீழாகத் தொங்கியது, கைப்பிடிச் சுவர் மேலே, வானம் கீழே. மலையின் விளிம்பு பஞ்சு மாதிரி இருந்தது. வளையத்தை முடிவிலி வரைக்கும் திருப்பினாலும் பஞ்சுதான். கழற்றினேன். இந்தத் தடவை ஊசியால் கீறினேன், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு எண். ஒன்று: பஞ்சு. இரண்டு: இன்னும் மோசம். எதிர்ப்பக்கம் போனேன். மூன்று: பரவாயில்லை. நான்காவது வாயில் ஏற்றியபோது, வளையம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மலை விளிம்பு பென்சில் கோடாக மாறியது. ஒன்பது வயது மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். முக்காட்டுக்குள் தலையை விட்டவன், "மாமா, மலையில ஒரு டவர் நட்டுக்க நிக்கி" என்றான். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவன் கண் நல்ல கண்.

மிச்சம் இருந்த அந்தக் கொஞ்சத்துக்கு மறுபடி கழற்ற வேண்டியதில்லை. ஃபோகஸ் வளையத்தை மூன்று பொடித் திருகுகள் பிடித்திருக்கின்றன. அவற்றைத் தளர்த்தினால் வளையம் மட்டும் தனியாகச் சுற்றும். மலை தெளிந்த இடத்தில் முடிவிலிக் குறியைக் கொண்டுவந்து நிறுத்தி இறுக்கிவிட்டேன். ஒரு திருகு அப்பளத்துக்கு நடுவில் விழுந்தது. அரை மணி நேரம் தேடினோம். அக்கா பேசியதை எழுத முடியாது.

அடுத்தது புள்ளிகள். ஜெனிட்டின் ஷட்டர் ரப்பர் பூசிய துணித்திரை. வயதானால் மடிகிற இடத்தில் ஊசித்துளைகள் விழும். எஸ்எல்ஆரில் கண்ணாடி மறைக்குமே என்று கேட்கலாம். ஜெனிட்-இயில் அந்தக் கண்ணாடி சின்னது. வியூஃபைண்டரே ஃபிரேம் முழுவதையும் காட்டாது, 24-க்கு 36 மிமீ ஃபிரேமில் சுமார் 20-க்கு 28 தான் காட்டும். கண்ணாடியின் ஓரத்தால் கசிகிற வெளிச்சம் நம் ஊர் வெயிலில் அரை மணி நேரத்துக்குத் தாராளம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸைக் கழற்றி, கண்ணாடியை விரலால் தூக்கிப் பிடித்து, முன்னாலிருந்து போன் டார்ச்சை அடித்தேன். பின்னாலிருந்து பார்த்தால் திரையில் மூன்று நட்சத்திரம்.

கறுப்பு ஃபேப்ரிக் பெயிண்ட் வாங்கி, நைஸ் பிரஷ்ஷால் வைத்தேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டேன் போல. காய்ந்த பிறகு திரை அந்த இடத்தில் விறைத்து, உருளையில் சுற்றும்போது ஒட்டியது. அடுத்த ரோலில் 1/500-இல் எடுத்த படங்களுக்கெல்லாம் ஒரு ஓரம் இருட்டு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முக்கால்வாசியைத் துடைத்து, தண்ணீர் மாதிரிக் கரைத்து மறுபடி ஒரே பூச்சு, அதன்மேல் இத்தனூண்டு டால்கம் பவுடர். இப்போது வெளிச்சம் கசிவதில்லை. 1/250 வரை சீராகப் போகிறது. 1/500 மட்டும் இன்னும் ஒரு ஓரத்தில் இழுக்கிறது. அதை உடைந்த பல்லாக நினைத்து அந்தப் பக்கம் போவதில்லை.

இந்த உடைந்த பல்தான் எந்த ஃபிலிம் போடுவது என்பதையும் முடிவு பண்ணியது. மீட்டர் செத்ததால் எனக்கு வெயிலே மீட்டர்: சுள்ளென்று அடிக்கிற வெயிலில் எஃப் 16 வைத்தால், ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்கிற எண்) கிட்ட. ஐஎஸ்ஓ 400 உள்ள எச்பி5 போட்டால் எஃப் 16-இல் 1/500 வேண்டும். அது என்னிடம் இல்லை. 1/250 என்றால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், அதிகம். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அதைத் தாங்கும்தான், ஆனால் எப்போதும் எஃப் 16-லேயே கிடக்க வேண்டும், ஹீலியோஸின் அந்தச் சுழல் அழகு எதற்கு? ஐஎஸ்ஓ 125 உள்ள எஃப்பி4 போட்டால் 1/250-க்கு எஃப் 11. மஞ்சள் ஃபில்டர் மாட்டினால் அது ஒரு ஸ்டாப்பைத் தின்று எஃப் 8-க்கு வரும், மலை மேல் மேகமும் திரண்டு தெரியும். மர நிழலுக்குள் போய்விட்டால் எஃப் 2-ஐயும் தொடலாம். திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் ஆரஞ்சு ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். செம்மண் மாவு மாதிரி வெளுத்து, மேலே வானம் கருத்து, பனைகள் மைக்கோடாக நின்றன. கண்ணால் பார்த்த தேரி அது இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.

கோல்டு 200 கலரும் ஒரு ரோல் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரியரில் அனுப்பிக் கழுவி வாங்குவதற்குள் எடுத்ததே மறந்துவிடுகிறது.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறேன். நம் ஊரில் இதில் இரண்டு தொல்லை. வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேகுக்குள் கையை விட்டால் ஐந்து நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டி, ஃபிலிம் ரீலில் ஏறாமல் ஒட்டும். அதனால் ராத்திரி குளியலறையில், கதவிடுக்கில் போர்வையை அடைத்து, இருட்டில் ஏற்றுகிறேன். இன்னொன்று சூடு. ஃபிலிமில் படத்தை வரவழைக்கிற டெவலப்பர் மருந்தின் கணக்கெல்லாம் 20 டிகிரிக்குப் போட்டிருக்கிறார்கள். நம் மாடித் தொட்டித் தண்ணீர் சித்திரையில் ரசம் வைக்கலாம் போல வரும். முந்தின நாளே மண்பானையில் ஊற்றி வைத்து, கொஞ்சம் ஐஸையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே முக்கினால் 24-க்கு வந்துவிடும், அதற்குக் கீழே மல்லுக்கட்டுவதில்லை. டி-76 டெவலப்பர், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர், 20 டிகிரியில் 11 நிமிஷம் என்றால் 24-இல் ஏழே முக்கால். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். போர் தண்ணீரில் அலசினால் உப்புத் திட்டு காய்ந்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் அம்மைத் தழும்பு. ஆடிக் காற்றில் ஃபிலிமைக் காயப்போடுவது தனிக் கதை. ஜன்னலைச் சாத்தினாலும் புழுதி எப்படியோ வந்துவிடும். வாளித் தண்ணீரைக் குளியலறைச் சுவரில் எல்லாம் தெளித்துப் புழுதி அடங்கிய பிறகு தொங்கவிடுகிறேன்.

ஆடிப் பதினெட்டு கழிந்து, கல்லிடைக்குறிச்சி மாடியில் இருந்து எடுத்த மலை, அப்பளம், மருமகன் எல்லாம் உள்ள ரோலை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அதற்குள் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மலை தெளிவாக விழுந்திருக்கிறது, டவர்கூடத் தெரிகிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மலையை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. ஓரத்தில், பல்சக்கர ஓட்டைகளுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். பால் ஆடை மாதிரி லேசாக ஒரு மங்கல்.

"இந்த ஹைப்போவுல எத்தன ரோல் போட்டீரு?"

ஹைப்போ என்றால் டெவலப்பருக்குப் பிறகு ஃபிலிமில் மிச்சம் இருக்கிற வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்கிற மருந்து. எண்ணிப் பார்த்தேன். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

"செத்த ஹைப்போ வே இது. புதுசா கலக்கித் திரும்பப் போடும், தெளிஞ்சிரும். போட்ட பொறவு அரை மணி நேரம் தண்ணில அலசணும், ஆமா."

அன்று ராத்திரியே புது ஹைப்போ கலக்கி, பத்து நிமிஷம் போட்டேன். ஆடை போய்விட்டது. டப்பா மேல் மார்க்கரால் ‘1’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.